ஹெட்போனில் கேட்ட என் குரல்

கம்ப்யூட்டர் சரி செய்வது என் தொழில். மதுரையில் வீடு வீடாகச் சென்று விண்டோஸ் இன்ஸ்டால் செய்கிறேன், வைரஸ் நீக்குகிறேன், பிரிண்டர் இணைத்துத் தருகிறேன். இதில் எனக்குச் சிரமமான வேலை, போனில் என் பெயரைச் சொல்வதுதான். என் பெயர் "ப" என்ற எழுத்தில் தொடங்கும். உதடு ஒட்டிக் கொள்ளும், திறக்காது. எதிர்முனையில் இருப்பவர் "தம்பி, லைன்ல இருக்கீங்களா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்துவிடுவார். இதற்குப் பயந்து பல ஆண்டுகள் வந்த அழைப்புகளை எடுக்காமல் விட்டு, பிறகு எஸ்.எம்.எஸ். அனுப்பிக் கொண்டிருந்தேன். அப்படிக் கைவிட்டுப் போன வேலைகளுக்குக் கணக்கே இல்லை.

சிறு வயதில் நாக்கில் வசம்பு தேய்த்தார்கள். கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொன்னார்கள். பயந்த சுபாவம் என்று ஒரு வாத்தியார் முடிவு கட்டினார். திக்குவாய் பயத்தால் வருவதில்லை. பேச்சுத் தசைகளை மூளை இயக்கும் நேர ஒழுங்கில் உள்ள வேறுபாடு அது. பல குடும்பங்களில் பரம்பரையாகவும் வருகிறது. பயம் அதைக் கூட்டும், அவ்வளவுதான். பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. ஆனால் தனியாகப் பேசும்போதும், பாடும்போதும், பிறரோடு சேர்ந்து ஒரே குரலில் படிக்கும்போதும் எங்களில் பெரும்பாலானோருக்குத் திக்குவதில்லை.

ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவரின் ஹெட்செட்டைச் சோதித்துக் கொண்டிருந்தேன். விண்டோஸில் கண்ட்ரோல் பேனல் சென்று சவுண்ட் பிரிவைத் திறந்து, ரெக்கார்டிங் டேபில் மைக்ரோபோனைத் தேர்ந்தெடுத்து, பிராப்பர்ட்டீஸ் கிளிக் செய்யுங்கள். கிடைக்கும் விண்டோவில் லிசன் என்ற டேப் இருக்கும். அதில் "லிசன் டு திஸ் டிவைஸ்" என்பதற்கு எதிரே டிக் அடையாளம் ஏற்படுத்தி, அப்ளை கொடுத்தால் நாம் மைக்கில் பேசுவது நம் காதிலேயே கேட்கும். (ஹெட்போன் கட்டாயம். ஸ்பீக்கர் வைத்தால் ஊளையிடும். வீட்டில் உள்ளவர்கள் ஓடி வருவார்கள்.) இந்த வசதியில் ஒரு குறை உண்டு. குரல் சற்றுத் தாமதமாகத்தான் காதில் விழும்.

அந்தக் குறைதான் என்னை நிமிர வைத்தது. பக்கத்தில் கிடந்த பேப்பரை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். அரைப் பக்கம் வரை ஒரு தடங்கலும் இல்லை!

தாமதமாகத் திரும்பி வரும் குரலுக்கு இந்தக் குணம் உண்டு என்று பிறகு தெரிந்து கொண்டேன். சரளமாகப் பேசுபவரின் காதில் அவர் குரலையே தாமதித்துத் தந்தால் அவர் தடுமாறுவார். இதை அமெரிக்கரான பெர்னார்ட் லீ 1950ல் எழுதினார். திக்குபவர்களில் பலருக்கோ இது நேர்மாறாக வேலை செய்கிறது. இதற்கென்றே காதில் மாட்டும் கருவிகளும் வந்தன. 2010ல் வெளிவந்த "தி கிங்ஸ் ஸ்பீச்" படத்தில் ராஜா ஹெட்போனில் இசையைக் கேட்டுக் கொண்டே தடையின்றிப் படிப்பார். அது வேறு வழி; தன் குரலே தன் காதில் விழாமல் மறைப்பது.

அன்று இரவு என் மனைவியை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். அவள் கண் கலங்கிவிட்டாள். மறுநாள் காலை ஹெட்செட் இல்லாமல் போனை எடுத்தேன். "ப..." அதே பூட்டு.

அதன் பிறகுதான் முறையாகப் பேச்சுப் பயிற்சியாளரிடம் சென்றேன். (மைசூரில் 1965ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் இத்துறையில் பெயர் பெற்றது.) ஹெட்போன் மாட்டியிருக்கும்வரைதான் அதன் பலன், சிலருக்கு நாளடைவில் அதுவும் குறையும் என்று அவர் சொன்னார். மூச்சுக்கும் உதட்டுக்கும் பயிற்சிகள் தந்தார். கூடவே, திக்குபவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சுய உதவிக் குழுவையும் சொன்னார். தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன் 2008 முதல் நாட்டின் பல ஊர்களில் இத்தகைய குழுக்களை வளர்த்து வருகிறது.

எங்கள் குழு சனிக்கிழமை மாலை வீடியோ அழைப்பில் கூடுகிறது. முதல் நாள் என் முறை வந்ததும் உதடு ஒட்டியது. வழக்கமாக இந்த இடத்தில் யாராவது என் வார்த்தையை எனக்காக முடித்து வைப்பார்கள். இங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் மட்டும், "சார், நெட் ஹேங் ஆகிடுச்சா, இல்ல நம்ம கேஸா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்த வேகத்தில் பெயர் வெளியே வந்துவிட்டது. நாற்பது வயதில், என் திக்கலைக் கேட்டுச் சிரித்தவர்களோடு நானும் சேர்ந்து சிரித்தது அதுவே முதல் முறை.

குழுவில் இரண்டு விதிகள். அடுத்தவர் வார்த்தையை முடித்து வைக்கக் கூடாது. பேச வேண்டியதைச் சாட் பாக்ஸில் டைப் செய்து தப்பிக்கக் கூடாது. இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. டைப்பிங்கில் நான் புலி. இன்னொரு யோசனையும் அங்கே கிடைத்தது. திரையில் உங்கள் முகத்தை உங்களுக்கே காட்டும் சிறு கட்டத்தை மறைத்து விடுங்கள். திக்கும்போது நம் முகம் போகும் கோணலைப் பார்த்தால் அடுத்த வார்த்தையும் சேர்ந்து நிற்கும்.

இப்போது அழைப்பு வந்தால் எடுக்கிறேன். "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்க" என்று முதலிலேயே சொல்லி விடுகிறேன். பெரும்பாலானோர் பொறுக்கிறார்கள். ஒருவர், "நிதானமாச் சொல்லுங்க தம்பி, என் கம்ப்யூட்டரும் அப்படித்தான் ஆன் ஆகுது" என்றார்! அந்த வேலையில் ரேம் மாற்றிக் கொடுத்தேன்.

என் பெயர் இன்னும் சில நாள் பூட்டிக் கொள்கிறது. வரும் சனிக்கிழமை கூட்டத்தை நடத்துவது என் முறை. பதினொரு பேரையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அதில் மூன்று பெயர்கள் "ப" என்ற எழுத்தில் தொடங்குகின்றன.