வரவேண்டிய சரக்கையும் எண்ண வேண்டும்

எங்கள் நெடுநாளைய நண்பர் ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவருடைய மகள் கல்லூரியில் வணிக நிர்வாகம் படிக்கிறாள். அண்மையில் குழுவாகச் செய்யும் பாடம் ஒன்றில் அவளுடைய குழு வகுப்பிலேயே முதலிடம் பெற்றது. என்ன பாடம் என்று கேட்டோம். "ஒரு விளையாட்டுதான் மாமா" என்றாள். விளையாட்டுக்கு மதிப்பெண்ணா என்று சிரித்தோம். அவள் விளக்கியபின் சிரிப்பு நின்றுவிட்டது. அது முழுக்க முழுக்க நம் தொழில்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற கல்வி நிலையத்தில், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர் குழுவினர் உருவாக்கிய பயிற்சி இது. பீர் பெட்டிகளை வைத்து ஆடுவதால் அதற்குப் 'பீர் விளையாட்டு' என்றே பெயர். இவள் வகுப்பில் ஆசிரியர் பீரை நீக்கிவிட்டு சோப்புப் பெட்டி என்று வைத்துக்கொண்டாராம்.

விளையாட்டின் விதிகள் எளியவை. ஒரு குழுவில் நான்கு இடங்கள்: சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை. ஒவ்வொருவரும் வாரம் ஒரு சீட்டில் எண் எழுதி மேலே உள்ளவருக்கு ஆர்டர் அனுப்ப வேண்டும். ஆட்டத்தின்போது ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. மேலிருந்து அனுப்பிய சரக்கு வந்து சேர இரண்டு வாரம் ஆகும். சரக்கு தேங்கினால் பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு. கேட்டவருக்குக் கொடுக்க முடியாமல் பாக்கி நின்றால் ஒரு டாலர். நால்வரின் மொத்தச் செலவு எந்தக் குழுவில் குறைவோ அந்தக் குழுவுக்கு வெற்றி.

கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் முதல் நான்கு வாரம் வாரத்துக்கு 4 பெட்டி கேட்கிறார்கள். ஐந்தாம் வாரம் அது 8 ஆகிறது. பிறகு கடைசிவரை அதே 8 தான். மாற்றம் இந்த ஒன்றே.

ஆனாலும் நடப்பது என்ன? கடைக்காரர் இருப்பு குறைந்ததும் பயந்து கூடுதலாகக் கேட்கிறார். மொத்த வியாபாரி அதைப் பார்த்து இன்னும் கூடுதலாகக் கேட்கிறார். தொழிற்சாலைக்குப் போகும்போது அது பல மடங்காகிவிடுகிறது. சில வாரம் கழித்து எல்லாச் சரக்கும் ஒன்றாக வந்து குவிகிறது. எம்.ஐ.டி.யின் ஜான் ஸ்டெர்மன் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், குழுக்களின் சராசரிச் செலவு, ஆகியிருக்க வேண்டிய செலவைப் போலச் சுமார் பத்து மடங்கு. இதற்குச் 'சாட்டை விளைவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வண்டிக்காரர் கைப்பிடியைச் சற்றே அசைத்தால் சாட்டையின் நுனி எப்படித் துள்ளுகிறது, அதுபோல.

இவள் குழு வென்றது எப்படி? இவளுக்கு மொத்த வியாபாரி இடம். ஆட்டத்துக்கு முன்பே நால்வரும் ஒரு நோட்டில் மூன்று பத்தி போட முடிவு செய்தார்களாம்: கையிருப்பு, வரவேண்டிய சரக்கு, கொடுக்கவேண்டிய பாக்கி. மூன்றையும் கணக்கிட்டுக் குறைவதை மட்டுமே கேட்பது என்று ஒப்பந்தம்.

எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையிலேயே ஆடிப் பார்த்தோம். நண்பர், நாங்கள், எங்கள் மகன், கணக்கப்பிள்ளை என்று நான்கு இடங்கள். பத்தாவது வாரம் எங்களிடம் ஒரு பெட்டி இல்லை. இருபதாவது வாரம் வைக்க இடமில்லை. நாற்பது ஆண்டு அனுபவம் தோற்றது. "மாமா, ஏற்கெனவே கேட்டு வழியில் இருக்கிற சரக்கை எண்ணினீங்களா?" என்று கேட்டாள். எண்ணவில்லை.

அப்போது 2020-ம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அந்த மார்ச் மாதம் கிருமிநாசினிக்கும் கைகழுவும் திரவத்துக்கும் கடைகள் பறந்தன. சரக்கு போதவில்லை என்று கேட்டதில் பாதிதான் எல்லோருக்கும் கொடுத்தோம். அது தெரிந்ததும் கடைக்காரர்கள் இரட்டிப்பாகக் கேட்டார்கள். அதை உண்மையான தேவை என்று நம்பி நாங்களும் மூன்று இடங்களில் ஆர்டர் வைத்தோம். எல்லாம் வந்து சேர்ந்தபோது வாங்க ஆளில்லை. பெட்டி பெட்டியாகக் காலாவதியாயிற்று. அன்று கடைக்காரர்களைக் குறை சொன்னோம். அவர்களை அப்படிக் கேட்க வைத்தது எங்கள் பங்கீட்டு முறையே என்பது இப்போதுதான் புரிகிறது.

கணக்கு இவ்வளவுதான். ஒரு பொருள் வாரம் 10 பெட்டி விற்கிறது. வந்து சேர இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 20, பாதுகாப்புக்கு 10, ஆக 30 வேண்டும். கையிருப்பு 12, வரவேண்டியது 10, கொடுக்கவேண்டிய பாக்கி 3. 12-ம் 10-ம் 22. பாக்கி 3 போக 19. ஆகவே 11 பெட்டி கேட்டால் போதும். வழியில் இருப்பதை மறந்தவர் 21 கேட்பார். அந்த அதிகப்படி 10 பெட்டியில் அவருடைய முதல் முடங்கும்.

சில்லறை வியாபாரிகள் ஒரே தேவைக்கு மூன்று இடங்களில் ஆர்டர் வைக்க வேண்டாம். ஆர்டரோடு, சென்ற வாரம் உண்மையில் விற்றது எவ்வளவு என்பதையும் மொத்தக் கடைக்குச் சொல்லுங்கள். எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகள் தட்டுப்பாட்டு நேரத்தில், கேட்ட அளவைப் பார்க்காமல், பழைய விற்பனையை வைத்துப் பங்கிட வேண்டும்.

வகுப்பில் பேசத் தடை இருந்ததாம். நமக்கு அந்தத் தடை இல்லை, கையில் தொலைபேசியும் இருக்கிறது. நண்பர் தம் கடைக் கொள்முதல் நோட்டை இப்போது மகளிடம் கொடுத்துவிட்டார். எங்கள் கடையிலும் மூன்று பத்தி நோட்டு தொடங்கியாயிற்று.