விடியற்காலை எழுத்தாளர்

உள்ளம் பொங்கும்பொழுதுதான் கதை எழுத வேண்டும் என்பர் பலர். தனிமையும் தென்றலும் நிலவும் கூடினாலன்றி எழுதுகோல் அசையாது என்று காத்திருப்போரும் உளர். அவர்களுடைய ஏடுகளில் வெற்றுத்தாள்களே மிகுதியாக இருக்கும். இக்கொள்கையை அறவே மறுத்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு நாற்பத்தேழு நாவல்களை எழுதியவர் ஓர் ஆங்கிலேயர். அவர் பெயர் ஆந்தனி டிரோலப்.

டிரோலப் 1815ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் சட்டம் பயின்றவர். ஆயினும் எடுத்த தொழில் யாவற்றிலும் இழப்பையே கண்டவர். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் பள்ளியில், கிழிந்த உடையும் சேறு படிந்த காலுமாகச் சென்ற சிறுவனைப் பிறர் விளையாட்டிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. தனித்து நின்ற அவன் மனத்துக்குள்ளேயே கதை கட்டலானான். ஒரே கதையை நாள்தோறும் தொடர்ந்து, மாதக்கணக்கில் வளர்ப்பான். உலகில் நடக்கவியலாத எதையும் அதில் புகுத்துவதில்லை என்று தனக்குத்தானே ஒரு விதியும் வகுத்துக்கொண்டான். அப்பழக்கம் இல்லையேல் தாம் ஒரு நாவலேனும் எழுதியிருக்க இயலாது என்று அவர் பிற்காலத்தில் கருதினார்.

1834ஆம் ஆண்டில், ஆண்டுக்குத் தொண்ணூறு பவுன் சம்பளத்தில், டிரோலப் தபால் இலாகாவில் எழுத்தரானார். காலந்தவறாமைக்கு எடுத்துக்காட்டாக நாம் கூறப்போகும் இவர், அந்நாளில் அலுவலகத்துக்குக் காலந்தாழ்த்து வருபவர் என்றே பெயர் பெற்றிருந்தார். மேலதிகாரிகளின் கடிந்துரை அவருக்குப் பழகிப்போயிற்று. ஆகவே, இவரது ஒழுங்கு பிறவிக் குணமன்று, முயன்று பெற்றது.

அவ்வொழுங்கினை அவர் கண்டது தம் இல்லத்திலேயே. அவருடைய அன்னையார் பிரான்சஸ் டிரோலப் ஐம்பது வயதைக் கடந்த பின்னர், 1832ஆம் ஆண்டில்தான் தம் முதல் நூலை வெளியிட்டார். கடன் தொல்லையால் குடும்பம் பெல்ஜியம் நாட்டுக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே கணவரும் ஒரு மகனும் நோயுற்றுக் கிடந்தனர். இருவருக்கும் பணிவிடை செய்த நேரம் போக, எஞ்சிய நேரத்தில் அவ்வம்மையார் நாவல் எழுதினார். பிறர் துயிலெழுமுன், விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் எழுத அமர்வது அவர் வழக்கம். குடும்பம் உண்டது அந்த எழுத்தின் வருவாயில்தான்.

டிரோலப் 1841ஆம் ஆண்டில் அயர்லாந்துக்கு மாற்றப்பட்டார். பொறுப்பு மிகுந்த அவ்வேலை அவரைப் புதிய மனிதராக்கிற்று. அவருடைய முதல் நாவல் 1847ஆம் ஆண்டில் வெளிவந்தது, வாங்குவோர் இல்லை. அடுத்த இரண்டும் அவ்வாறே போயின. ஆயினும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. கடிதங்கள் ஊர்தோறும் ஒழுங்காகச் சென்று சேர்கின்றனவா என்று ஆராய்வது அவர் பணி. (வீதியோரத்தில் தூண்போல் நிற்கும் தபால் பெட்டி 1852ஆம் ஆண்டில் ஜெர்சித் தீவில் நிறுவப்பட்டது இவர் கூறிய யோசனையால்தான்.) இப்பணியின் பொருட்டு அவர் நாட்கணக்கில் இரயில் பயணம் செய்ய வேண்டியிருந்தது. மடியில் வைத்து எழுதத்தக்க பலகை ஒன்றைச் செய்வித்து, ஓடும் வண்டியிலேயே பென்சிலால் எழுதினார். எதிரே இருப்போர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் முதலில் இருந்தது. சில நாட்களில் அது மறைந்தது. 1857ஆம் ஆண்டில் வெளியான ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ என்னும் நாவலின் பெரும்பகுதி இங்ஙனம் உருவானதே. அவர் மனைவியார் அதனைப் பின்னர்ப் படியெடுத்துக் கொடுத்தார்.

1859ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பி, வால்தம் கிராஸ் என்னும் ஊரில் குடியேறினார். நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்கு மேசைமுன் இருப்பது அவர் விதித்துக்கொண்ட கடமை. அந்நாட்டுப் பனிக்காலத்தில் ஐந்தரை மணி என்பது நள்ளிரவுபோல் இருள் சூழ்ந்த வேளை. தம் மன உறுதியை மட்டும் நம்பியிருத்தல் தகாது என்று உணர்ந்த டிரோலப், தம்மை எழுப்புவதற்கென்றே முதிய குதிரைப் பணியாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் கூடுதலாகக் கொடுத்துவந்தார். பல ஆண்டுகளில் ஒருநாளேனும் அம்முதியவர் காப்பியுடன் வரத் தாமதித்ததில்லை. தம் வெற்றிக்கு வேறெவரையும்விட அவருக்கே கடமைப்பட்டிருப்பதாக டிரோலப் கருதினார். நூலின் முகப்பில் அம்முதியவர் பெயர் அச்சாகவில்லை. அச்சாகியிருந்தால் பொருத்தமாகவே இருந்திருக்கும்.

முதல் அரைமணி நேரம், முந்தின நாள் எழுதியதைச் செவிக்கு இசைகிறதா என்று படித்துப் பார்ப்பார். பின்னர்க் கடிகாரம் எதிரே இருக்க, கால்மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். மூன்று மணி நேரத்தில் எழுத்து வேலை முடியும். காலையுணவுக்குப் பின் அலுவலகப் பணி தொடங்கும். ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு நாட்குறிப்பேடு உண்டு. எத்தனை பக்கம் எழுதினார் என்பதை அன்றன்றே அதில் பதிவார். வாரத்துக்குச் சராசரி நாற்பது பக்கம். சில வாரம் இருபது. ஒரு வாரம் 112 பக்கமும் எழுதியதுண்டு. எழுதாத நாளின் வெறுமையும் அவ்வேட்டில் அப்படியே நிற்கும். அதனைக் காணும்போதெல்லாம் அவர் உள்ளம் நாணியது.

1871ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த தம் மகனைக் காணக் கப்பலேறினார். தம் அறையில் ஒரு மேசையைப் பொருத்தச் செய்து, எட்டு வாரப் பயணத்தில் ‘லேடி ஆனா’ என்ற நாவல் முழுவதையும் எழுதி முடித்தார்.

இச்செய்திகளை டிரோலப் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளியாமல் எழுதிவைத்தார். அந்நூல் அவர் மறைவுக்குப் பின், 1883ஆம் ஆண்டில் வெளிவந்தது. கற்பனையைக் கணக்கிட்டு விற்றவர் என்று சிலர் முகஞ்சுளித்தனர். அவர் மதிப்பும் சில காலம் குன்றியது. செருப்புத் தைப்பவரின் உழைப்போடு நாவலாசிரியரின் உழைப்பை அவர் ஒப்பிட்டது பலருக்குப் பொறுக்கவில்லை.

ஆயின், அதே நூலில் அவர் கூறியுள்ள மற்றொன்றை அவர்கள் கருதவில்லை. கடிகாரம் அளந்தது அவர் கையின் வேலையை மட்டுமே. கதைமாந்தரோ நாள் முழுவதும் அவருடன் வாழ்ந்தனர். உறங்கச் செல்லும்போதும் விழித்தெழும்போதும் அவர்கள் உடனிருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர்களுடைய துயரை எண்ணிக் காட்டுவழியில் தனியே அழுதவர் அவர். சிறு வயதில் பழகிய அந்த மனக்கதையே, அதிகாலை மூன்று மணி நேரத்தில் தாளில் இறங்கியது.

ஒருநாள் இலண்டன் மனமகிழ் மன்றம் ஒன்றில் அவர் எழுதிக்கொண்டிருந்தார். அருகே பாதிரியார் இருவர், டிரோலப்பின் நாவல்களில் பழைய பாத்திரங்களே திரும்பத் திரும்ப வருகின்றன என்று குறைகூறினர். திருமதி பிரௌடி என்னும் அடங்காப் பெண்மணியைப் பெரிதும் பழித்தனர். டிரோலப் எழுந்து சென்று, குற்றவாளி தாமே என்று கூறி, ஒரு வாரத்துக்குள் அவளைக் கொன்றுவிடுவதாக வாக்களித்தார். அவ்வாறே செய்தார். ஆனால் அதன்பின் நெடுங்காலம் அவள் பிரிவுக்காக வருந்தினார். அவளுடைய ஆவியோடு தாம் இன்னும் பழகிவருவதாகவே எழுதினார்.

இறுதி ஆண்டுகளில் அவர் கை எழுத இயலாமல் தளர்ந்தது. உறவுப் பெண் ஒருத்தி எழுத, அவர் கதை சொல்லிவந்தார். 1882ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 6ஆம் நாள் அவர் மறைந்தபொழுது, அயர்லாந்து உழவர் கிளர்ச்சியைப் பற்றிய நாவல் ஒன்று பாதியில் நின்றது. முடிவுறாத அந்நூல் அப்படியே அச்சேறியது.