காற்றுத் தூரிகையை வாங்குமுன்

கார்த்திகைத் தீபம் நெருங்கவே, அகல்களுக்கு வண்ணம் தீட்டக் காற்றுத் தூரிகை வாங்கலாமா எனத் திருவண்ணாமலை அங்கத்தினர் சிலர் நம்மை வினவினர். ஓய்வு நேரக் கலைக்கு அது உகந்த கருவியே. ஆயினும் தேர்ந்து வாங்குதல் வேண்டும்.

கொசு மருந்தடிக்கும் பழைய கைப்பம்பை நாம் அறிவோம். காற்று விரைந்து செல்ல, திரவம் நுண்துளியாகச் சிதறும். இதிலும் அதே தத்துவந்தான். ஒற்றை இயக்கக் கருவியில் விசையை அழுத்தினால் காற்றும் வண்ணமும் சேர்ந்து வரும். இரட்டை இயக்கக் கருவியில் அழுத்தினால் காற்று, பின்னிழுத்தால் வண்ணம். மெல்லிய கோடும் நிழலும் ஒரு விரலுக்கு அடங்குவதால் இதனையே பரிந்துரைப்போம். மேற்கிண்ணமும் 0.3 மில்லிமீட்டர் முனையும் அகலுக்குப் போதும்.

நீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணத்தைப் பால் பதத்திற்கு இளக்கி, சதுர அங்குலத்திற்கு 15 முதல் 25 பவுண்டு அழுத்தத்தில் மெல்லிய பூச்சுகளாக இடுக. திரி எரியும் மூக்கிற்கு வண்ணம் வேண்டா.

பாவு ஏற்றிய தறிக்கருகில் இதனை இயக்கலாகாது. கண்ணுக்குப் புலப்படாத துளிகள் பட்டில் படிந்தால் கூலியே போய்விடும். முகக்கவசமும் இன்றியமையாதது.

ஒருமுறை, உணவருந்தியபின் கழுவலாமென நாம் எண்ணினோம். ஊசி ஒட்டிக்கொண்டது, இழுத்ததில் அதன் முனை வளைந்தது. வண்ணம் மாற்றும்போதெல்லாம் உடனே கழுவுக. இதற்கெனக் கடன்படாதீர், நால்வர் சேர்ந்து ஒன்று வாங்குவதே கூட்டுறவுக்கு அழகு.