அசெம்பிள் செய்வோம் – 6: மாட்டினால் மட்டும் போதாது

போன வாரம் பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, கோவையில் பொறியியல் படிக்கும் வாசகர் ஒருவர் கடையில் வாங்கிய கொட்டேஷனைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். "சார், இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு செட் ஆகுமா?" என்பது அவர் கேள்வி. ரைசன் 5 5500 பிராசஸர், ஏ520 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம் ஒன்று, 4 ஜிபி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ், கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கு ஃபேன்களும் கொண்ட கேபினெட்.

செட் ஆகும். எல்லாம் மாட்டிக்கொள்ளும், பட்டனை அழுத்தினால் விண்டோஸும் வரும். ஆனாலும் இந்தப் பட்டியலை இப்படியே வாங்கச் சொல்லமாட்டேன். சேரவே சேராத பாகத்தால் பெரிய நஷ்டமில்லை; சாக்கெட்டில் உட்காராது, அன்றைக்கே கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். மாட்டிய பிறகு ஒன்றை ஒன்று இழுத்துப் பிடிக்கும் பாகங்களால்தான் காசு வீணாகிறது. கணினி ஓடிக்கொண்டிருப்பதால் வாங்கியவருக்குச் சந்தேகமே வராது. கேம் திக்கித் திணறினால் கேமைத் திட்டுவார், இல்லாவிட்டால் இன்டர்நெட்டைத் திட்டுவார்.

சாக்கெட் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்4 சாக்கெட், அதற்கு டிடிஆர்4 ராம் மட்டுமே. 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு டிடிஆர்5 மட்டுமே. இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கான எல்ஜிஏ1700 சாக்கெட்டில் இரண்டுமே உண்டு. எது என்பதை மதர்போர்டுதான் தீர்மானிக்கும், அதனால் போர்டின் முழுப் பெயரையும் படியுங்கள். இரண்டு வகை ராமிலும் 288 பின்கள்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

இவருடைய பட்டியலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏ520 சிப்செட் 2020இல் வந்தது, ரைசன் 5 5500 வந்தது 2022இல். கடையில் வெகுநாள் கிடந்த போர்டாக இருந்தால் அதன் பயாஸுக்கு இந்தப் பிராசஸரை அடையாளம் தெரியாது. ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது. பில் போடும் முன்பே பயாஸை அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள்.

இனி கிராபிக்ஸ் கார்டு. இந்தப் பட்டியலின் பெரிய கோளாறு இதுதான். கார்டு மாட்டுகிற அந்த நீளமான பிசிஐஇ ஸ்லாட்டில், தரவு போய்வர 16 தடங்கள் உண்டு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அவற்றில் 4 தடங்களை மட்டுமே பயன்படுத்தும். பிசிஐஇ 4.0 வேகத்தில் அந்த 4 தடங்கள் வழியே நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும். பிசிஐஇ 3.0 என்றால் அதில் பாதி, சுமார் 4 ஜிபி. ஏ520 போர்டு தருவது 3.0தான். "அப்படியானால் 4.0 தரும் பி550 போர்டுக்கு மாறிவிடலாமே" என்று தோன்றும். மாறினாலும் பயனில்லை, ஏனென்றால் ரைசன் 5 5500 பிராசஸருக்கே 3.0தான் தெரியும். பெயரில் நூறு மட்டுமே கூடுதலாக உள்ள 5600க்கு 4.0 உண்டு, எல்3 கேஷும் 16 எம்பிக்குப் பதிலாக 32 எம்பி.

தடம் குறைந்தால் என்ன குடி முழுகிவிடும்? கார்டில் நினைவகம் தாராளமாக இருந்தால் ஒன்றும் ஆகாது. இதில் இருப்பதோ 4 ஜிபி. இன்றைய கேம்களில் டெக்ஸ்சர் தரத்தைக் கொஞ்சம் கூட்டினாலே அது நிரம்பிவிடும். நிரம்பியதும், இடம் கிடைக்காதவற்றை கார்டு அந்தக் குறுகிய பாதை வழியாக கணினியின் ராமிலிருந்து எடுத்து வர வேண்டும். சமையல் மேடையில் இடமில்லாமல் ஒவ்வொரு சாமானுக்கும் ஸ்டோர் ரூமுக்கு ஓடும் சமையல்காரரின் நிலைமைதான். சராசரி ஃபிரேம் எண்ணிக்கை சுமாராகத் தெரியும். ஆனால் எதிரி திரும்பிச் சுடும் அந்தக் கணத்தில் திரை உறையும். போதாக்குறைக்கு, இந்தக் கார்டில் வீடியோ என்கோடர் கிடையாது. விளையாடுவதைப் பதிவு செய்து யூடியூபில் போட நினைத்தால் அந்த வேலையும் பிராசஸர் தலையில் விழும்.

8 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 6600 கார்டு 8 தடங்களில் ஓடும். 3.0 போர்டில் மாட்டினாலும் பெரிதாக எதையும் இழக்காது. விளக்கு ஃபேன் கேபினெட்டை விட்டுவிட்டு முன்பக்கம் வலைக்கண் உள்ள எளிய கேபினெட்டை எடுத்தால், வித்தியாசத் தொகையில் ஒரு பகுதி அங்கேயே கிடைத்துவிடும். கார்டின் நீளமும் கூலரின் உயரமும் கேபினெட்டுக்குள் அடங்குமா என்று மட்டும் பாருங்கள். 5500ஓடு பெட்டியில் வரும் கூலரே போதும்.

ராமுக்கு வருகிறேன். 16 ஜிபி சரியான அளவு. ஆனால் அதை ஒற்றைக் குச்சியாக மாட்டினால் பிராசஸரின் இரண்டு சேனல்களில் ஒன்று சும்மா கிடக்கும். டிடிஆர்4 3200 ராம் ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு 8 ஜிபி குச்சிகள் சேர்ந்தால் 51.2. 2025 கடைசியில் ராம் விலை ஏறத் தொடங்கியதிலிருந்து, "இப்போ ஒண்ணு போடுங்க, அப்புறம் இன்னொண்ணு வாங்கிக்கலாம்" என்ற பேச்சைக் கேட்கிறேன். அந்த 'அப்புறம்' பெரும்பாலும் வருவதில்லை. இரண்டாகவே வாங்குங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸர் பக்கமிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டுங்கள்.

மாட்டிய பிறகும் ஒரு வேலை பாக்கி. 3200 என்று அட்டையில் அச்சிட்ட பல ராம்கள், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை ஆன் செய்யாதவரை 2400இலோ அதற்கும் கீழோ ஓடும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகம் தெரியும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கிவிட்டு, செட்டிங்கில் மாற்றாமல் 60இலேயே விளையாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் பற்றி மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். கொட்டேஷனில் கம்பெனி பெயரோ மாடலோ இல்லை, வெறும் '450 வாட்' என்றிருக்கிறது. அந்த எண்ணை நம்ப வேண்டாம். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். பிராசஸரும் கார்டும் அதிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால், 12ஐ 18ஆல் பெருக்குங்கள்: 216 வாட். 5500 முழு வேகத்தில் 88 வாட் வரை எடுக்கும், ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட். இரண்டுக்கும் சேர்த்து 220. ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. கார்டு கண நேரம் எகிறி இழுப்பதும் இதில் சேரவில்லை. இப்படிப்பட்ட எஸ்எம்பிஎஸ் தேமே என்று நின்றுபோனால் அதிர்ஷ்டம். சில சமயம் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்லும், பாதுகாப்பைச் சொல்லாது. அதனால் முத்திரையோடு, பெயர் தெரிந்த கம்பெனி, 12 வோல்ட்டில் ஏறக்குறைய முழுத் திறன், குறைந்தது மூன்று வருட வாரண்டி ஆகியவையும் உள்ள 550 வாட் ஒன்றை எடுங்கள். கார்டுக்கான 6+2 பின் வயர் அதிலிருந்தே வர வேண்டும். பழைய நான்கு பின் இணைப்பிலிருந்து கன்வர்ட்டர் போட்டுத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள்.

கரண்ட் போகும் ஊர் என்றால் யுபிஎஸ்ஸையும் இதோடு சேர்த்தே யோசியுங்கள். 600 விஏ என்று விற்பது வழக்கமாக 360 வாட்தான் தாங்கும். மும்முரமாக விளையாடும்போது கணினியும் மானிட்டரும் சேர்ந்து 300 வாட்டைத் தொடும் என்பதால், அது சேவ் செய்து அணைப்பதற்குத்தான் உதவும். வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பதாக இருந்தால் சைன் வேவ் இன்வெர்ட்டரா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் பல நல்ல எஸ்எம்பிஎஸ்களோடு ஒத்துப்போவதில்லை.

அதே வாசகர் கடிதத்தின் கடைசியில், "பணம் பத்தலைன்னா கார்டை ஆறு மாசம் கழிச்சு வாங்கலாமா?" என்றும் கேட்டிருக்கிறார். 5500இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. இன்டெல்லில் 12100எஃப், 12400எஃப் என்று 'எஃப்' போட்டு வருபவையும் அப்படித்தான். காத்திருக்கத்தான் வேண்டும் என்றால், உள்ளமைந்த கிராபிக்ஸ் கொண்ட ரைசன் 5 5600ஜி வாங்குங்கள். வேலோரண்ட் போன்ற கேம்களை இப்போதே குறைந்த செட்டிங்கில் ஆடலாம். அதிலும் பிசிஐஇ 3.0தான் என்பதால், பிறகு வாங்கும் கார்டு 8 தடங்களுக்குக் குறையாததாக இருக்கட்டும்.

தம்பி, பிராசஸரும் போர்டும் இருக்கிறபடியே இருக்கட்டும். ராமை இரண்டாகப் பிரித்து, கார்டை 6600ஆக்கி, எஸ்எம்பிஎஸ்ஸையும் கேபினெட்டையும் மாற்றி, அதே கடையில் புதிய கொட்டேஷன் கேளுங்கள். ஒவ்வொரு வரியிலும் கம்பெனியும் மாடலும் முழுதாக இருக்க வேண்டும். பில்லில் சீரியல் நம்பரும் வேண்டும், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். எழுதித் தர மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

அடுத்த வாரம்: பிராசஸரை சாக்கெட்டில் இறக்குவதிலிருந்து திரையில் முதல் வெளிச்சம் வரும்வரை.