கோஸ்ட்ரிட்ஸ் ஈன்ற இசைமேதை

ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில், கேரா நகருக்குச் சற்று வடக்கே அமைந்துள்ள பாட் கோஸ்ட்ரிட்ஸ் என்னும் சிற்றூர், உப்புநீர் ஸ்நானத்தையும் சுடுமணற் சிகிச்சையையும் நாடிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நோயாளிகள் வந்து தங்கிய இடம். 1543 முதலே ஆவணங்களில் இடம்பெறும் அதன் வடிசாலையின் கறுப்பு பீரும், டேலியா மலர்த் தோட்டங்களும் பிரசித்தமானவை. பக்திக் கவிஞர் யூலியஸ் ஸ்டுர்ம் 1816-இல் பிறந்ததும், பிற்காலத்தில் பாதிரியாராகப் பணிபுரிந்ததும் இவ்வூரிலேதான். ஆயினும் இவ்வூரின் அழியாத கீர்த்திக்கு உரியவர், பாக் பிறப்பதற்குச் சரியாக நூறாண்டுகளுக்கு முன், 1585-இல், 'பொற்கொக்கு' என்ற சத்திரத்தில் பிறந்த இசையமைப்பாளர் ஹைன்ரிக் ஷூட்ஸ் ஒருவரே.

ஐந்து வயதில் குடும்பத்தோடு வைஸன்பெல்ஸுக்குக் குடிபெயர்ந்த அச்சிறுவனின் சாரீரத்தை, 1598-இல் அவன் தந்தையின் விடுதியில் தங்கிய ஹெஸ்ஸ காஸல் சிற்றரசர் மோரிட்ஸ் கேட்டு வியந்து, மறு ஆண்டே தம் அரண்மனைக்கு வரவழைத்துக் கல்வி புகட்டி, பின்னர் வெனிஸில் கபிரியேலியிடம் இசை பயில அனுப்பியும் வைத்தார். நாடு திரும்பி டிரெஸ்டன் அரசவையின் இசைத் தலைவரான ஷூட்ஸ், முப்பதாண்டுப் போர் ஜெர்மனியைச் சூறையாடி, பாடகர் குழாம் சிதறி, ஊதியமும் அரிதாகிப்போன காலத்திலும் மனம் தளராமல், கிடைத்த இரண்டொரு குரல்களுக்கென்றே உருக்கமான கீர்த்தனங்களை இயற்றினார்.

அவர் பிறந்த மண்ணின் அதிபதியாக விளங்கிய ஹைன்ரிக் போஸ்துமுஸ் ரொய்ஸ், தம் மரணத்தை முன்கூட்டியே சிந்தித்து, ரகசியமாகச் சவப்பேழை ஒன்றைச் செய்வித்து, அதன் மூடியிலும் பக்கங்களிலும் தாமே தேர்ந்த வேதாகம வசனங்களைப் பொறிக்கச் செய்திருந்தார். 1635 டிசம்பரில் அவர் காலமாக, அவ்வசனங்களுக்கே ஷூட்ஸ் அமைத்த இசை, 1636 பிப்ரவரியில் கேராவில் நடந்த அடக்கச் சடங்கில் ஒலித்தது. இறுதிப் பகுதியில், ஆர்கனருகே நிற்கும் குழு வேதாகமத்தில் வரும் முதியவர் சிமியோனின் விடைபெறும் பாடலைப் பாட, ஆலயத்தின் தொலைவிலிருந்து இரண்டு தேவதூதர்களின் குரல்களும், அவர்களோடு செல்லும் ஆன்மாவின் குரலும் கேட்கவேண்டும் என்று ஷூட்ஸே குறித்திருக்கிறார். பரலோகத்தை வருணித்த சங்கீதம் ஐரோப்பாவில் ஏராளம். அதன் தூரத்தையே செவிக்கு உணர்த்திய சங்கீதம் இதைப்போல் மிகச் சிலவே.

ஷூட்ஸ் 1672-இல், எண்பத்தேழாம் வயதில், டிரெஸ்டனில் காலமானார். அவர் பிறந்த இல்லம் இன்று அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது. மேனாட்டுச் சங்கீதத்தைப் பாக்கிடமிருந்தே தொடங்கும் அன்பர்கள், அவருக்கு முன் ஷூட்ஸின் இந்த அடக்கச் சடங்கு இசை ஒன்றையாவது முழுமையாக அமர்ந்து கேட்கவேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.