பழைய ஐபாடும் பாடல்களும்

ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பையில் அடக்கலாம் என்ற வியப்போடு 2001 அக்டோபரில் ஐபாடை ஆப்பிள் நிறுவனம் அறிமுகம் செய்தது. அதன் உற்பத்தி முடிவுற்றதை 2022 மே மாதத்தில் அந்நிறுவனமே அறிவித்தது. ஆயினும் பல இல்லங்களில் அச்சிறு கருவி இன்னும் பாடல்களைச் சுமந்தவாறு உறங்குகிறது. அவற்றைப் புதிய கருவிக்கு மாற்றுவது எங்ஙனம்?

முதலில் ஒன்றை நாம் உணர வேண்டும். ஐடியூன்ஸ் மென்பொருள் பாடல்களைக் கணினியிலிருந்து ஐபாடுக்குக் கொண்டு செல்லும். அதன் கடையில் வாங்கியவை தவிர மற்றவற்றைத் திருப்பித் தராது. பழைய கணினி பழுதுற்றபின் வேறொரு கணினியில் ஐபாடை இணைத்தால், உள்ளவற்றை அழிக்கவா என்று அது வினவும். இசைந்துவிட்டால் பல்லாண்டுச் சேமிப்பு பறிபோகும். ஆதலின் மறுத்துவிடுக.

தொடுதிரையற்ற ஐபாடை வெறும் சேமிப்பு வட்டாகவும் பயன்படுத்தலாம். கணினியில் மறைந்த கோப்புகளைத் தெரியச் செய்து, 'ஐபாட் கண்ட்ரோல்' உறையினுள் இருக்கும் 'மியூசிக்' உறையைப் பிரதி எடுக்க வேண்டும். கோப்புகளின் பெயர்கள் பொருளற்ற நான்கு எழுத்துகளாய்த் தோன்றும், அஞ்ச வேண்டா. பாடலின் பெயரும் பாடியவர் பெயரும் பெரும்பாலும் கோப்பினுள்ளேயே பதிந்திருப்பதால், மென்பொருளில் சேர்த்ததும் அவை மீளும். 2009க்கு முன் அக்கடையில் வாங்கிய பாடல்கள் பலவற்றுக்குப் பூட்டு உண்டு. வாங்கியவரின் கணக்கால் கணினிக்கு அனுமதி அளித்தால்தான் அவை ஒலிக்கும்.

புதிய கருவியில் கேட்டறிந்து, வேறொரு வட்டிலும் பிரதி வைத்த பின்னரே பழையதை அழிப்போம். விற்பனைப் பாடலை மீண்டும் வாங்கலாம். மறைந்த தந்தையார் வீட்டில் பாடிப் பதிந்த பாட்டை எந்தக் கடையில் வாங்குவோம்?