இலகு எடை உறங்குபை

உறங்குபை என்பது கூடாரத்திலோ திறந்தவெளியிலோ இரவு தங்குபவர் உள்ளே நுழைந்து படுத்துக்கொள்வதற்காகக் காப்புப் பொருள் நிரப்பித் தைக்கப்பட்ட பை ஆகும். ஸ்லீப்பிங் பேக் என்ற பெயரிலேயே கடைகளில் இது விற்கப்படுகிறது. போர்வையைப் போல இரவில் விலகிப்போகாமல் உடலைச் சுற்றிலும் மூடியிருப்பது இதன் சிறப்பு. உணவு, கூடாரம், உடை, அடுப்பு என எல்லாவற்றையும் முதுகுப்பையில் தாமே சுமந்து பல நாள் நடப்பவர்களுக்காக எடை குறைத்துத் தயாரிக்கப்படுவது இலகு எடை உறங்குபை எனப்படும். இவற்றுள் பல ஒரு கிலோகிராமுக்கும் குறைவான எடை கொண்டவை.

நெடுந்தூரம் நடப்பவர்களின் சுமையில் முதுகுப்பை, கூடாரம், படுக்கை ஆகிய மூன்றும் பெரும் பங்கு வகிக்கின்றன. உணவு, நீர், எரிபொருள் நீங்கலான சுமை ஏறத்தாழ 9 கிலோவுக்குக் கீழ் இருந்தால் இலகு சுமை என்றும், 4.5 கிலோவுக்குக் கீழ் இருந்தால் மிக இலகு சுமை என்றும் நடைப்பயணிகள் வழக்கமாகக் கூறுவர். எனவே எடையைக் குறைக்க நினைப்பவரின் பார்வை முதலில் உறங்குபை மீது விழுவது இயல்பு. ஆனால் கடுங்குளிர் இரவில் உயிரைக் காப்பதும் இதே பைதான். ஆகவே எவ்வளவு குளிரைத் தாங்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அந்த அளவுக்குள் எடை குறைந்ததைத் தேடுவதே பாதுகாப்பான முறை.

வரலாறு

வேல்ஸ் நாட்டின் நியூட்டவுன் நகரைச் சேர்ந்த வணிகர் பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ் 1876-இல் 'யூக்ளிசியா ரக்' என்ற கம்பளிப் படுக்கைக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளியை மடித்து உள்ளே நுழைந்து படுக்கும்படியும், காற்று ஊதக்கூடிய ரப்பர் தலையணை ஒன்று சேர்ந்திருக்கும்படியும் அது அமைந்திருந்தது. உருசிய இராணுவத்துக்காக இவை பெருமளவில் தயாரிக்கப்பட்டன. 1888-இல் கிரீன்லாந்தின் பனிவெளியைக் கடந்த நான்சன் குழுவினர் கலைமான் தோலால் ஆன பைகளில் மூவர் மூவராகப் படுத்தனர். பிற்காலத்தில் பறவைத் தூவியும் நைலான் துணியும் வந்தபின் எடை வெகுவாகக் குறைந்தது. 1980-களில் அமெரிக்க இராணுவத்தின் தேவைக்காக உருவாக்கப்பட்ட பிரைமாலாஃப்ட் என்ற செயற்கை இழை, நனைந்தாலும் ஓரளவு வெப்பம் காக்கும் மாற்றுப் பொருளாகப் பரவியது.

செயல்படும் விதம்

உறங்குபை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடல் உண்டாக்கும் வெப்பம் வெளியேறும் வேகத்தைக் குறைப்பது மட்டுமே அதன் வேலை. நிரப்புப் பொருளின் இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றே உண்மையான காப்பு. வெயிலில் காயவைத்த இலவம்பஞ்சுத் தலையணை பொங்கி எழுவதையும், ஈரமான தலையணை சப்பையாகக் கிடப்பதையும் பலர் பார்த்திருப்பர். உறங்குபையிலும் இதே வேறுபாடுதான். பொங்கி நிற்கும் பை வெப்பம் காக்கும். சப்பையான பை காக்காது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, பசியோடும் உடல் நடுக்கத்தோடும் பைக்குள் நுழைபவருக்கு அது உடனே சூடு தராது. படுப்பதற்கு முன் சாப்பிடுவதும், சற்று நடந்து உடலைச் சூடாக்கிக்கொள்வதும் பயன் தரும். இரண்டாவது, உடலுக்கு அடியில் இருக்கும் பகுதி எடையால் நசுங்கிவிடுவதால் அங்கே காற்று தங்காது. தரைக்குளிரைத் தடுப்பது பை அன்று, அதன் கீழே விரிக்கும் மெத்தையே.

நிரப்புப் பொருள்

தூவி என்பது வாத்து வகைப் பறவைகளின் இறகுகளுக்கு அடியில், பெரும்பாலும் மார்புப் பகுதியில், தண்டு இல்லாமல் மென்மையாக வளரும் பகுதியாகும். எடைக்கு எடை ஒப்பிட்டால் மிகுந்த வெப்பம் காப்பது இதுவே. நன்றாக அமுங்கிச் சிறிய பொதியாகிவிடும். முறையாகப் பேணினால் பல்லாண்டு உழைக்கும். விலை அதிகம் என்பதும், நனைந்தால் கட்டிபட்டு வெப்பக் காப்பை இழந்துவிடும் என்பதும் இதன் குறைகள். நீரை ஒட்டவிடாத பூச்சு கொடுத்த தூவியும் கிடைக்கிறது. அது ஈரத்தை ஓரளவு தாங்குமே தவிர, மழையில் நனைய விடலாம் என்று பொருளாகாது.

தூவியின் தரம் ஃபில் பவர் எனப்படும் நிரப்புத்திறனால் அளக்கப்படுகிறது. ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்பதே இந்த எண். 600 என்றால் ஏறத்தாழ 10 லிட்டர் இடத்தையும், 800 என்றால் ஏறத்தாழ 13 லிட்டர் இடத்தையும் நிரப்பும். ஆனால் இந்த எண் பை எவ்வளவு சூடானது என்று கூறாது. 800 திறனுள்ள தூவி 250 கிராம் நிரப்பிய பையைவிட, 650 திறனுள்ள தூவி 500 கிராம் நிரப்பிய பை அதிக வெப்பம் காக்கும். எடையும் கூடுதலாக இருக்கும். எனவே நிரப்புத்திறனோடு நிரப்பிய தூவியின் எடையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

செயற்கை இழை பெரும்பாலும் பாலியெஸ்டரால் ஆனது. ஈரத்திலும் ஓரளவு வெப்பம் காக்கும், விரைவில் உலரும், விலை குறைவு. அதே வெப்பக் காப்புக்குத் தூவியைவிட எடையும் பொதியின் அளவும் கூடும். அடிக்கடி அமுக்கிக் கட்டுவதால் இழைகள் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

வடிவமும் தையலும்

தோளில் அகன்று, காலில் குறுகி, தலையையும் மூடும் மம்மி வடிவப் பையில் வீணான இடம் குறைவு. ஆகவே எடை குறைவாகவும் வெப்பக் காப்பு மிகுதியாகவும் இருக்கும். செவ்வகப் பை புரண்டு படுக்க வசதியானது; ஆனால் கனமானது. குயில்ட் என்பது முதுகுப் பகுதியும் தலைமூடியும் இல்லாத போர்வை வகை. நசுங்கிக் கிடக்கும் பகுதியில் காப்புப் பொருள் வீண் என்ற கருத்தே இதன் அடிப்படை. அமெரிக்க நடைப்பயணி ரே ஜார்டின் இம்முறையைப் பரப்பியவர்களுள் முக்கியமானவர். தூக்கத்தில் அதிகம் புரள்பவர்களுக்குக் குயில்டின் ஓரம் வழியே காற்று நுழையும் என்பதால், கடுங்குளிரில் அதற்குப் பழக்கம் தேவை.

வெளித்துணியும் உள்துணியும் ஒன்றோடொன்று சேர்த்து நேராகத் தைக்கப்பட்டிருந்தால், தையல் கோடுகளில் காப்பு இருக்காது. அத்தகைய பை கோடைக்கு ஏற்றது. இரண்டு துணிகளுக்கும் நடுவே வலைத்துணியால் சுவர் எழுப்பி அறை அறையாகத் தைத்த பையே குளிருக்கு ஏற்றது. கழுத்தைச் சுற்றிய பட்டை, ஜிப்பின் உட்பக்கம் நீளமாகச் செல்லும் காப்புப் பட்டை ஆகியவை சில கிராம் எடை கூட்டினாலும் குளிர்காற்றைத் தடுக்கும்.

பையின் அளவும் கவனிக்கத்தக்கது. மிகப் பெரிய பையில் உள்ள வெற்றிடத்தை உடல் சூடாக்க நேரம் பிடிக்கும். மிகச் சிறிய பையில் தோளும் காலும் உள்ளிருந்து முட்டி, பொங்கி நிற்கும் தூவியை நசுக்கிவிடும்.

வெப்பநிலைக் குறியீடு

உறங்குபை வாங்குவோர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஐரோப்பாவில் ஈ.என். 13537 என்ற தர அளவையும், பின்னர் அதன் இடத்தில் ஐ.எஸ்.ஓ. 23537 என்ற பன்னாட்டுத் தர அளவையும் வந்தன. சூடேற்றப்பட்ட மனித உருவப் பொம்மையைப் பைக்குள் வைத்து, குளிர் அறையில் சோதனை செய்யப்படுகிறது. அதிலிருந்து கிடைக்கும் எண்களுள் மூன்று முக்கியமானவை.

சுக வெப்பநிலை: சராசரிப் பெண் ஒருவர் உடலைத் தளர்த்திப் படுத்து, குளிரை உணராமல் உறங்கக்கூடிய அளவு.

எல்லை வெப்பநிலை: சராசரி ஆண் ஒருவர் உடலைச் சுருட்டிப் படுத்து, நடுங்காமல் இரவைக் கழிக்கக்கூடிய அளவு.

உச்ச வெப்பநிலை: சராசரிப் பெண் ஒருவர் ஆறு மணி நேரம் உயிர் பிழைத்திருக்கக்கூடிய அளவு. உறக்கம் கிடைக்காது, உறைபனியால் உறுப்புகள் பாதிக்கப்படலாம், உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

எடுத்துக்காட்டாக, ஒரு பையில் 0°, −6°, −23° செல்சியஸ் என்ற மூன்று எண்கள் இருக்கலாம். கடைசி எண்ணைப் பார்த்து 'மைனஸ் இருபதையும் தாங்கும் பை' என்று வாங்குபவர், மைனஸ் பத்திலேயே நடுங்கத் தொடங்கிவிடுவார். உச்ச வெப்பநிலையை வைத்துப் பையைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. முதல் முறை வாங்குபவரும் குளிர் தாங்காதவரும் சுக வெப்பநிலையையே அளவாகக் கொள்வது நல்லது.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அமெரிக்கப் பைகளின் பெயரிலேயே காணப்படும் 20, 30 போன்ற எண்கள் ஃபாரன்ஹீட் அளவில் உள்ளவை. 20° ஃபாரன்ஹீட் என்பது −7° செல்சியஸ். 32° ஃபாரன்ஹீட் என்பதே நீர் உறையும் 0° செல்சியஸ். பெயரில் உள்ள எண் பல நேரங்களில் எல்லை வெப்பநிலையே அன்றிச் சுக வெப்பநிலை அன்று. அடுத்து, சோதனைப் பொம்மைக்கு முழுநீள உள்ளாடையும் காலுறையும் அணிவித்து, அடியில் மெத்தை விரித்தே அளவு எடுக்கப்படுகிறது. மெத்தை இல்லாமல் வெறுந்தரையில் படுப்பவருக்கு அந்த எண் பொருந்தாது.

மெத்தை

தரைக்குளிரைத் தடுக்கும் திறன் ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது. எண் கூடக்கூடக் காப்பும் கூடும். கோடைக்கு 2-க்குக் குறைவானதே போதும். குளிர்ந்த இரவுகளுக்கு 2 முதல் 4 வரையும், பனித்தரைக்கு அதற்கு மேலும் தேவை. இரண்டு மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால் அவற்றின் மதிப்புகளைக் கூட்டிக்கொள்ளலாம். நல்ல பை இருந்தும் முதுகில் குளிர் ஏறுகிறது என்றால், பையை மாற்றுவதற்கு முன் மெத்தையைப் பார்க்க வேண்டும்.

ஒரு நடைபாதை எடுத்துக்காட்டு

அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட் நடைபாதை, மெக்சிகோ எல்லையில் கேம்ப்போ அருகே தொடங்கி கலிஃபோர்னியா, ஆரகன், வாஷிங்டன் மாநிலங்கள் வழியாகக் கனடா எல்லை வரை ஏறத்தாழ 4,265 கி.மீ. நீள்கிறது. தெற்கிலிருந்து வடக்கே செல்வோர் பெரும்பாலும் ஏப்ரல் அல்லது மே மாதத்தில் கிளம்பி, செப்டம்பர் அளவில் முடிக்கின்றனர்.

தொடக்கத்தில் வருவது பாலைநிலம். பகலில் சுட்டெரித்தாலும், தெளிந்த வானமும் வறண்ட காற்றும் உள்ள இடத்தில் தரையின் வெப்பம் இரவில் விரைவாக வெளியேறிவிடும். ஆகவே பாலையில் பை தேவையில்லை என்பது தவறான எண்ணம். அடுத்து சியரா நெவாடா மலைத்தொடர். அங்குள்ள ஃபாரஸ்டர் கணவாய் 4,009 மீட்டர் உயரத்தில் உள்ளது. இப்பாதையின் மிக உயர்ந்த இடம் அதுவே. கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5° செல்சியஸ் குறையும். ஜூன் மாதத்திலும் அங்கே இரவில் உறைநிலைக்குக் கீழே போவதுண்டு. கடைசியில் வாஷிங்டன் மாநிலத்தின் கேஸ்கேட் மலைகள். அங்கே இலையுதிர்காலம் நெருங்க நெருங்க மழையும் ஈரமும் மிகும்.

ஒரே பயணத்தில் வறட்சி, உறைபனி, ஈரம் மூன்றும் வருவதால், முழுப் பாதைக்கும் சராசரி போட்டுப் பை தேர்ந்தெடுக்க முடியாது. சியராவில் எதிர்பார்க்கும் மிகக் குளிர்ந்த இரவே அளவுகோல். அங்கே −5° வரை இறங்கலாம் என்று கணக்கிட்டால், சுக வெப்பநிலை அதற்கு அருகில் உள்ள தூவிப்பையைத் தேட வேண்டும். சுக வெப்பநிலை 0° மட்டுமே உள்ள பையை எடுப்பவர், தூவி மேற்சட்டை, கம்பளித் தொப்பி, உலர்ந்த காலுறை ஆகியவற்றோடு உறங்கத் திட்டமிட வேண்டும். அந்த உடைகள் எப்படியும் சுமையில் இருப்பவை என்பதால் எடை கூடாது. ஆனால் நடக்கும்போது வியர்வையில் நனைந்த உடை இதற்கு உதவாது. உறங்குவதற்கென ஓர் உலர்ந்த உடுப்பைத் தனியே காக்க வேண்டும். வாஷிங்டன் பகுதியின் ஈரத்துக்காக, தூவிப்பையை நீர்புகாத உறைக்குள் வைத்துச் சுமப்பதும், வெயில் கண்ட இடத்தில் விரித்து உலர்த்துவதும் இன்றியமையாதவை.

தங்கும் இடமும் பையின் வேலையைக் கூட்டும் அல்லது குறைக்கும். குளிர்ந்த காற்று கனமானது ஆகையால் இரவில் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். ஓடைக்கரையைவிட்டுச் சற்று மேலேறி, மரங்களின் காப்பில் படுப்பவருக்கு ஈரமும் குளிரும் குறையும்.

ஆபத்து அறிகுறிகள்

உடலின் உள்வெப்பநிலை 35° செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்வெப்பநிலை எனப்படும். அடக்க முடியாத நடுக்கம், குளறும் பேச்சு, தடுமாறும் கை, குழப்பம் ஆகியவை அறிகுறிகள். நடுக்கம் தானே நின்றுபோவது குணமாவதன் அடையாளமாக இராமல், நிலை மோசமாவதைக் காட்டலாம். அத்தகையவரின் ஈர உடைகளைக் களைந்து, உலர்ந்த உடை அணிவித்து, மெத்தை விரித்த பைக்குள் படுக்க வைக்க வேண்டும். அவரால் வெப்பம் உண்டாக்க இயலாத நிலையில் பை மட்டும் போதாது. சுடுநீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி அக்குளிலும் மார்பிலும் வைப்பதோடு, மருத்துவ உதவிக்கும் உடனே ஏற்பாடு செய்ய வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் மட்டுமே சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம்.

பராமரிப்பு

பயணத்தில் மட்டுமே பையை அமுக்கிக் கட்ட வேண்டும். வீட்டில் பெரிய பருத்திப் பையில் தளர்வாக வைப்பதோ, தொங்கவிடுவதோ நல்லது. மாதக்கணக்கில் அமுக்கி வைத்தால் நிரப்புப் பொருள் பொங்கும் தன்மையை இழக்கும். உடலின் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் தூவியைக் கட்டிப்படச் செய்யும் என்பதால், மெல்லிய உள்ளுறை ஒன்றைப் பயன்படுத்தலாம். துவைக்க வேண்டியிருந்தால் தூவிக்கு உரிய மென்மையான சோப்பையும், முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரத்தையும் பயன்படுத்த வேண்டும். பிறகு குறைந்த வெப்பத்தில், சுத்தமான டென்னிஸ் பந்துகள் சிலவற்றோடு சுழற்றி உலர்த்தினால் கட்டிகள் உடையும். உள்ளே சிறிதளவு ஈரம் தங்கினாலும் பூஞ்சை பிடிக்கும். முழுதும் உலர்ந்து பழையபடி பொங்கி நின்ற பிறகே பையை எடுத்து வைக்க வேண்டும்.